படியேறி வந்த சீட்டி

அத்தியாயம் 9

"குளியலறையில வழுக்கிட்டுது அக்கா" என்று ரலிட்சா சொன்னதை வெலிச்கா நம்பித்தான் இருந்தாள்.

மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்ற தம்பி மனைவிக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதே, எங்க பாட்டுக் குழுவுக்கு வா" என்று இழுத்து வந்தவளும் அவள்தான். தம்பி பிளாமென் முதலில் முகம் சுளித்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "போகட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். அவர்களோடு இருந்த அம்மா சோன்கா வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

குழுவுக்கு வந்த நாளிலிருந்து ரலிட்சா ஒரு மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் போனாள். இந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவையாக, "நானும் ஒண்ணு எழுதியிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

ரூஸே நகரத்தின் பழைய வாசகசாலையில் மாடி அறை ஒன்றை அவர்களுக்கு விட்டிருந்தார்கள். அக்டோபர் மாதம். வெப்பக் குழாய்களில் இன்னும் சூடு விடவில்லை. டான்யூப் நதியிலிருந்து வந்த பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது. எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

குழுவில் பாடகர் என்று பெயர் எடுத்தவர் யாரும் இல்லை. தலைவர் லியூபென் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எவ்தோகியா பல் டாக்டர். வெலிச்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் எழுதுவதெல்லாம் கேலிப் பாட்டு. ஓடாத லிஃப்டைப் பற்றி அவள் எழுதிய பாட்டு அவளுடைய அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பிரபலம்.

"முறை தெரியும்ல?" என்றார் லியூபென், கைபேசியைப் பியானோ மேல் நிறுத்திப் பதிவைத் தட்டிவிட்டு. "பாட்டு முடிஞ்சதும் முதல்ல பிடிச்சதைச் சொல்லணும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. கடைசியா ஒரு யோசனை. யார் மனசும் நோகக் கூடாது. நாம என்ன பரிசா கொடுக்கப்போறோம்? நீ பாடும்மா."

ரலிட்சா கிதாரை மடியில் வைத்தாள். கட்டை அவிழ்த்திருந்தாலும் இடது மணிக்கட்டு இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. சின்னக் குரல். தாலாட்டு மாதிரி இழைந்த மெட்டு.

*மெதுவாய் வந்தால் மேசை விரிப்பேன்,*
*வேகமாய் வந்தால் விளக்கை அணைப்பேன்,*
*சீட்டியடித்துப் படியேறி வந்தால்*
*சிரிக்கக் கற்ற சுவராய் நிற்பேன்.*

*கதவு சாத்தும் சத்தம் கேட்டால்*
*கரண்டி கூடப் பேச்சை நிறுத்தும்;*
*சாவி இருப்பது சட்டைப் பையில்,*
*சாளரம் இருப்பது நாலாம் மாடியில்.*

ஒவ்வொரு அடி முடிவிலும் அவள் உதட்டைக் குவித்து ஒரு சீட்டி அடித்தாள். ஐந்தாறு சுரம்தான். குஷியாக ஏறி, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிற்கும்.

முடிந்ததும் லியூபென் கைதட்டினார். "சாவி, சாளரம்! அடி தூள். என்ன, பல்லவின்னு ஒண்ணு இல்ல. நாம கூடச் சேர்ந்து பாட இடம் வேணும்ல?"

எவ்தோகியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "எனக்கு அந்தச் சுவர் ரொம்பப் பிடிச்சது. என் கேள்வி என்னன்னா, அந்தப் பொண்ணு ஏன் கிளம்பிப் போகலை? கதவைத் திறந்துக்கிட்டு ஒரு நடை நடந்தா முடிஞ்சது. கேக்கறவங்க நம்பணுமே?"

ரலிட்சா தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி டாக்டர், அதை யோசிக்கிறேன்."

வெலிச்காவின் முறை. அவள் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள்.

"மெட்டு அப்படியே மனசுல ஒட்டிக்குது, ரலிட்சா. ஆனா அந்தச் சீட்டிதான் எனக்கு இடிக்குது. சீட்டின்னாலே சந்தோஷம். வீட்டுக்கு வர்ற மனுஷன் நல்லவன்னு நினைச்சுடுவாங்க. அதுக்குப் பதிலா பூட்ஸ் சத்தம் வச்சுப் பாரேன். தடக் தடக்னு..."

"பூட்ஸை அவர் ஒர்க் ஷாப்லயே கழட்டிடுவார் அக்கா" என்றாள் ரலிட்சா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மற்றவர்கள் கவனிக்கவில்லை. லியூபென் தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எவ்தோகியா பூசணி விதையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டில் எங்கேயும் ஒர்க் ஷாப் இல்லை. கார் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன் பிளாமென்.

 வெலிச்காவின் மூக்கில் எங்கிருந்தோ நாப்தலின் உருண்டை வாசனை ஏறியது. இருட்டு. கம்பளி உரசல். மடியில் ஒரு சின்னப் பையனின் சூடான மூச்சு. வெளியே படியில் ஏறி வந்த அந்த மெட்டு, இதே மெட்டு.

அவள் முப்பது வருஷமாகத் திறக்காத பெட்டி அது.

"ரலிட்சா..." என்று ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கீழே வாசகசாலையின் கனத்த கதவு திறந்து மூடியது. மரப்படியில் காலடி ஓசை. அதோடு சேர்ந்து குஷியாக ஏறி, கடைசியில் வெட்டி நிற்கும் ஒரு சீட்டி.

எவ்தோகியா பூசணி விதையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "அட, பாட்டு இன்னும் முடியலை போலிருக்கே!"

"நம்ம பிளாமென்" என்று முகம் மலர்ந்தார் லியூபென். "தங்கமான பையன். என் வண்டிக்கு கிளட்ச் மாத்திட்டு ஒரு காசு வாங்கலை."

ரலிட்சா கிதாரைக் கீழே வைத்தாள். தரையில் படும்போது ஓசை வரக்கூடாதென்று இரண்டு கையாலும் பிடித்து, ஒரு குழந்தையைக் கிடத்துவது போல வைத்தாள்.

பிளாமென் வாசலில் நின்றான். உயரமான ஆள், சீவிய தலை, கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா பொட்டலம். சூடான மணம் அறை முழுக்கப் பரவியது.

"பாடகர்கள் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு வாங்கிட்டு வந்தேன்" என்றான். "எங்க வீட்டம்மா ஏதாவது பாடினாளா, இல்ல வழக்கம்போல சுவத்தோட சுவரா இருந்தாளா?"

"பாடினாளா? பிரமாதப்படுத்திட்டா!" என்றார் லியூபென். வெலிச்கா அவரைப் பார்த்த பார்வை அவருக்கு எட்டவில்லை. "ஒரு புருஷன் படியேறி வரான். உன்னை மாதிரியே சீட்டியடிச்சுக்கிட்டு. அவன் வந்தா அந்தப் பொண்ணு..."

"லியூபென் அண்ணே!" வெலிச்காவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "அது அரைகுறைப் பாட்டு. நான்தான் பிரிச்சுப் போட்டுட்டேன். திருத்தணும்."

"எதுக்குத் திருத்தணும்? சாயந்தரம் நம்ம இணையப் பக்கத்துல போட்டுடறேன், வழக்கம்போல. ஊர்ல நாலு பேர் கேக்கட்டும்."

பிளாமென் சிரித்தான். அந்தச் சிரிப்பு உதட்டில் நெடுநேரம் நின்றது. கண்கள் மட்டும் மனைவியின் மீது இருந்தன.

"சீட்டியடிக்கிற புருஷனா? நல்லாயிருக்கே. எனக்கும் பாடிக் காட்டணும் நீ. கிளம்பு ரலிட்சா."

ரலிட்சா எழுந்தாள். பித்தான் போடாமலே கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

'விடாதே' என்று வெலிச்காவுக்குள் ஒரு குரல் சொன்னது. 'தனியா விடாதே.'

"நானும் வரேன்" என்றாள். "அம்மாவைப் பார்த்து ரெண்டு வாரமாச்சு."

"அம்மா குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுட்டுக்கிட்டிருக்கா அக்கா. வீடு முழுக்கப் புகை."

"இருக்கட்டும். தோலுரிக்க ஒரு கை கூட இருந்தா நல்லதுதானே."

லியூபெனும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் பிளாமென் யாரிடமும் முகம் முறித்ததில்லை.

"வா அக்கா. உனக்கில்லாத வண்டியா?" என்றான்.

வண்டியில் ஏறினார்கள். நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்ட ஓசை பின்னிருக்கையில் இருந்த வெலிச்காவின் முதுகில் குத்தியது. முன்னால் ரலிட்சா, ஊருக்குப் புதிதாக வந்தவள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளாமென் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். "சொல்லு அக்கா, உன் பையன் ஜெர்மனியிலிருந்து போன் பண்றானா?"

"பண்றான்."

"தனியா இருந்தா மனசு கண்டதையும் நினைக்கும். நீ எங்ககூட வந்து இருந்துடலாம்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். எப்போதும் அப்படித்தான் பேசுவான். அவளுடைய விவாகரத்தின்போது சாமான் சுமந்தவன், பையனை ரயிலேற்றிவிட்டு வந்தவன். அந்தத் தம்பிதானா? ஒரு வேளை, தான்தான் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு எங்கேயோ போகிறோமா? பாட்டு என்றால் கற்பனைதானே? ஓடாத லிஃப்ட் பாட்டில் அவள் எத்தனை பேரைச் சாகடித்திருக்கிறாள்?

கண்ணாடியில் பிளாமெனின் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது மாடி வீட்டில் புகை மணத்தது. பால்கனியில் மின்சார அடுப்பின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் சோன்கா. சிவப்புக் குடைமிளகாய்கள் ஒரு பக்கம் மலையாக, சுட்டவை மூடிய பாத்திரத்தில், அடைத்து வைக்க ஜாடிகள் வரிசையாக. மகளைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. 'இன்றைக்கா வந்தாய்?' என்பது போல ஒரு பார்வை.

பின்னால் பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுழன்றது. வெலிச்கா திரும்பிப் பார்த்தபோது பிளாமென் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.



"எதுக்குடா பகல்ல பூட்டறே?"

"பழக்கம்" என்றான். "காலம் கெட்டுக் கிடக்கு."

அவன் மேசையருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, வாசலை மறித்த மாதிரி உட்கார்ந்தான். ரலிட்சா தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"என்ன யோசனை சொன்னே அக்கா, அந்தப் பாட்டுக்கு? எனக்கும் சொல்லேன். நான் என்ன வெளியாளா?"

"ஒண்ணுமில்லைடா. தாளம் கொஞ்சம் இடிச்சது..."

அப்படியே சொல்லி முடித்திருப்பாள். தாளம், எதுகை, பல்லவி என்று எதையாவது பேசி, ஒரு காபி குடித்து, பயத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் அப்போதுதான் ரலிட்சா கரண்டிகளை வைப்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் கீழே துணியை மடித்து விட்டு, மேசையில் படும் ஓசை கூட எழாமல் வைத்தாள். தெரிந்தே செய்வதாகத் தோன்றவில்லை. கைக்குப் பழகிப்போயிருந்தது.

 வெலிச்கா உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க குழுவுல ஒரு முறை இருக்கு, பிளாமென். முதல்ல பிடிச்சதைச் சொல்லணும்."

"சொல்லு."

"எனக்குப் பிடிச்சது, அவ எதையும் மறைக்கலை."

ரலிட்சாவின் கை கரண்டியோடு நின்றது.

"அப்புறம் ஒரு கேள்வி கேக்கணும். அதை உன்கிட்டதான் கேக்கணும். அந்தச் சீட்டியை உனக்கு யார் கத்துக்கொடுத்தாங்க?"

"சீட்டியடிக்க யாராவது கத்துக்கொடுப்பாங்களா?" அவன் சிரித்தான்.

"அப்பா அதைத்தான் அடிப்பார். படியில வரும்போது. அதே மெட்டு."

பால்கனியில் சோன்காவின் இடுக்கி நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை.

"போர்வைப் பெட்டிக்குள்ள உன்னை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்டா. உனக்கு நாலு வயசு. நீ அழுதா கேட்டுடும்னு உன் வாயைப் பொத்தியிருப்பேன். ஒரு நாள் நீ என் விரலைக் கடிச்சு ரத்தமே வந்துடுச்சு. நான் கத்தலை." அவள் நிறுத்தாமல் பேசினாள். "இத்தனை வருஷமா அதை நான் நினைச்சதே இல்லை. இன்னிக்கு இந்தப் பொண்ணு பாடினா. சீட்டின்னா சந்தோஷம், மாத்துன்னு அவளுக்கு நான் யோசனை சொல்றேன். நான்!"

பிளாமென் ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்தான். தின்னவில்லை, சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கு ஞாபகமில்லை" என்றான்.

அப்புறம் வெகு மெதுவாக, "அப்பா காரணமில்லாம யாரையும் தொட்டதில்லை" என்றான்.

 ரலிட்சா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முகத்தில் உண்மையிலேயே ஒரு புன்னகை இருந்தது. சிரிக்கக் கற்ற சுவர்.

"கடைசியா ஒரு யோசனை சொல்லணும்" என்றாள் வெலிச்கா. "ரலிட்சா இன்னிக்கு என்கூட வரட்டும்."

"கதவு பூட்டியிருக்கு அக்கா."

கோபமில்லாமல், மழை வருது என்று சொல்வது போலச் சொன்னான். எழுந்து நின்றான். ரொட்டித் துகள்களை உள்ளங்கையில் வழித்துத் தட்டில் கொட்டினான். "முதல்ல அவ எனக்குப் பாடிக் காட்டணும். ஊருக்கே பாடினவ புருஷனுக்குப் பாடக் கூடாதா? ம்? பாடு."

ரலிட்சாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"பாடுன்னேன்ல?"

ஒரு எட்டு எடுத்து வைத்தான். வெலிச்கா இடையில் வந்து நின்றாள். எதற்கு வந்து நின்றோம், என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. போர்வைப் பெட்டிக்குள் இருந்த பத்து வயதுச் சிறுமியின் பயம் மொத்தமும் திரும்பி வந்தது. தம்பியின் சட்டையில் எண்ணெய் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அடித்தது. அவன் கை அவள் தோளைப் பற்றியது. எலும்பு வரை அழுந்தியது.

"நகரு அக்கா."

திடீரென்று கண் எரிந்தது. பால்கனியிலிருந்து கறுப்புப் புகை சுருள் சுருளாக உள்ளே வந்தது. மூவரும் இருமினார்கள்.

சோன்கா தன் வாழ்நாளில் ஒரு மிளகாயைக் கருக விட்டவள் இல்லை.

அவள் முன்கையால் கண்ணைத் துடைத்தபடி அறைக்குள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போனாள். ஏப்ரனின் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். பூட்டுத் துளைக்குள் அதைச் செலுத்த இரண்டு மூன்று தடவை தடுமாறினாள்.

"அம்மா!" என்றான் பிளாமென்.

"புகை போகட்டும்டா" என்றாள் சோன்கா. கதவை அகலத் திறந்தாள்.

எதிர் வீட்டுக் கெனா ஏற்கெனவே வெளியே வந்து நின்றிருந்தாள். "என்னடி சோன்கா? தீயா? மாடி பூரா நாறுது!"

"மிளகாய் கருகிடுச்சு கெனா. கண்ணு சரியில்லை, வயசாச்சு பாரு."

வெலிச்காவின் தோளிலிருந்து பிளாமெனின் கை எடுபட்டது. ஒரு நொடியில் அவன் முகம் ஊருக்குத் தெரிந்த முகமாயிற்று. "ஒண்ணுமில்லை கெனா அத்தை. நாலு ஜாடி வீணாப் போச்சு, அவ்வளவுதான்."

வெலிச்கா ரலிட்சாவின் கையைப் பற்றினாள். "அப்ப நாங்க கிளம்பறோம்."

"எங்கே?" சிரித்துக்கொண்டே கேட்டான். கெனா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டைத் திருத்தணுமே" என்றாள் வெலிச்கா.

வாசலில் அம்மாவைத் தாண்டும்போது அவள் காதருகே, "நீயும் வா அம்மா" என்றாள்.

"ஜாடிக்கு மூடி போடணும் எனக்கு" என்றாள் சோன்கா. சிவந்த கண்களால் மருமகளின் காலைப் பார்த்தாள். வீட்டுச் செருப்புதான் போட்டிருந்தாள் ரலிட்சா. "போங்க. காத்துல நிக்காதீங்க."

படியிறங்கும்போது வெலிச்கா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடி கேட்கிறதா என்று மட்டும் காது கொடுத்தாள். ஒரு தளம் கீழே வந்ததும் கெனாவின் கதவு சாத்திய ஓசை கேட்டது. அப்புறம் இன்னொரு கதவும் சாத்திக்கொண்டது.

டிராலிபஸ்ஸில் இருந்தவர்கள் ரலிட்சாவின் செருப்பைப் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார்கள். வெளியே பனிமூட்டத்தில் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது இருவரும் ஏறுபவர்களின் முகத்தைப் பார்த்தார்கள்.

"டாக்டர் கேட்டாங்களே அக்கா, ஏன் கிளம்பிப் போகலைன்னு" என்றாள் ரலிட்சா. "எனக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியலை. அசட்டுத்தனமா இருந்துச்சு."

"அவளுக்கு என்ன தெரியும்? நல்ல மனசோட கேட்டா."

"நல்ல மனசோட கேட்டதுதான் வலிச்சுது."

வெலிச்கா அவள் பக்கம் திரும்பினாள். "குளியலறைன்னு ஏன்டி என்கிட்ட சொன்னே?"

"நீங்க அவரோட அக்கா. அவரைப் பத்திப் பேசும்போது உங்க முகம் எப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாது." ரலிட்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேரா சொல்ல முடியலை. பாட்டா இருந்தா, நீங்க நம்பலைன்னாலும் பாட்டு சரியில்லைன்னு போயிடும்ல?"

த்ருஷ்பா பகுதியில் வெலிச்காவின் வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் அன்றைக்கு ஓடியது. உள்ளே போனதும் வெலிச்கா கதவைப் பூட்டி, கைப்பிடிக்குக் கீழே ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். பிறகு தன் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து ரலிட்சாவின் காலில் அவளே மாட்டிவிட்டாள். அந்தக் கால்கள் மீன் போலச் சில்லிட்டிருந்தன.

கைபேசியில் பிளாமெனிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அழைத்துத் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

வந்திருந்தது லியூபெனின் அறிவிப்பு மட்டும்தான். 'நம் குழுவின் புதுக் குரல்! கேளுங்கள், உங்கள் கருத்தை அன்போடு சொல்லுங்கள்.' கீழே ரலிட்சாவின் பெயர். முழுப் பெயர்.

வெலிச்கா லியூபெனின் எண்ணைத் தேடினாள். "இந்த மனுஷன்... இப்பவே எடுக்கச் சொல்றேன்."

"எவ்வளவு பேர் கேட்டிருக்காங்க?" என்று கேட்டாள் ரலிட்சா.

"நிறைய. பிளாமென் ஒர்க் ஷாப்புக்கு வர்றவங்க பாதிப்பேர் இதுல இருக்காங்க. அவனும் பார்த்திருப்பான்டி!"

ரலிட்சா கைபேசியை வாங்கினாள். கருத்துகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் படித்தாள். *அருமையான மெட்டு.* *கிதார் கொஞ்சம் சுருதி விலகியிருக்கு, மற்றபடி நல்லா இருக்கு.* *பல்லவி வேணும்.* பூங்கொத்துப் படங்கள். நடுவே, பெயர் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தாள்: *எங்க வீட்டில் சீட்டி இல்லை. சாவிக்கொத்து குலுங்கும். உடனே எனக்குப் புரியும்.* அவளுக்குக் கீழே இன்னொருத்தி: *எனக்கு இருமல் சத்தம்.*

ரலிட்சா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எடுக்க வேணாம் அக்கா" என்றாள். "இருக்கட்டும்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

இன்னும் ஒரு தடவை திரையைத் தள்ளினாள். நிறுத்தினாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது வெலிச்காவுக்குத் தெரிந்தது.

"அவனா?"

ரலிட்சா கைபேசியை நீட்டினாள்.

சோன்கா அந்தக் கைபேசியை வைத்துக்கொண்டு பண்டிகைக்குப் பண்டிகை ரோஜாப் படம் அனுப்புவாள். அதைத் தவிர ஓர் எழுத்துத் தட்டியதில்லை. பாட்டின் கீழே இப்போது அவளுடைய பெயர் இருந்தது. சற்று முன்புதான் எழுதியிருக்கிறாள். முற்றுப்புள்ளி, கமா எதுவும் இல்லை.

*பாட்டு நன்றாக இருக்கிறது சீட்டியை மாற்ற வேண்டாம் அது அப்படித்தான் இருக்கும் இரண்டு பேர் சீட்டியடித்து நான் கேட்டிருக்கிறேன்*

வெலிச்கா அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்துகள் கலங்கின. அம்மா இதை எங்கே உட்கார்ந்து எழுதினாள்? ஜாடிகளுக்கு நடுவில் பால்கனியில் உட்கார்ந்தா? அடுத்த அறையில் அவன் இருக்கும்போதா? அவனும் இதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால்?

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோயிற்று. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை எடுத்தார்கள்.

"அம்மா?"

 யாரோ மூச்சு விடும் ஓசை மட்டும்.

"அம்மா, நீயா? பேசும்மா!"

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தபோது கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

வெலிச்கா கோட்டை எடுக்க ஓடினாள். ஒரு கையை நுழைத்துவிட்டு மறு கையை எங்கே நுழைப்பதென்று தெரியாமல் தடுமாறினாள். கெனாவின் எண் அவளிடம் இல்லை. டிராலிபஸ்ஸில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

பின்னால் குரல் கேட்டது. முதலில் வானொலி என்று நினைத்தாள். அவ்வளவு தெளிவாக இருந்தது.

ரலிட்சா தன்னுடைய கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவசர உதவிக்கு அழைத்து, வீட்டு முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.  ஜன்னல் விளிம்பை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தாள்.

"ஒரு வயசான அம்மா ஆபத்துல இருக்காங்க. நாலாவது மாடி. கதவு உள்ளே பூட்டியிருக்கும், சாவி அவங்க மகன் சட்டைப் பையில இருக்கும். உடனே ஆள் அனுப்புங்க... ஆமா, அடிப்பார். எனக்குத் தெரியும்."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

ரலிட்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் பேர் ரலிட்சா" என்றாள். "நான் அவர் மனைவி."